‘பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்னும் தாளாளர்களுக்கு

நாமக்கல், ஈரோடு, கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விடுதிப் பள்ளிகளும் நூற்பாலை விடுதிகளும் நடத்தும் தாளாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் வணக்கம்.

ஈரோட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தால், புகார் வெளியே போகாமலிருக்க உங்கள் அலுவலக அறைகளில் பெற்றோரிடம் எழுதி வாங்கப்படும் ஒரு தாளைப் பற்றித்தான் இந்த மடல். பெரும்பாலும் முத்திரைத்தாள். ‘எங்கள் மகள் தவறாகப் புரிந்துகொண்டாள், ஆசிரியர் மீது புகார் எதுவும் இல்லை, மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டோம்’ என்று நாலு வரி. கீழே அப்பாவின் கையெழுத்து, சாட்சிக்கு ஊர்ப் பெரியவர்கள் இருவர். கையெழுத்தாகும் வரை அந்தப் பிள்ளை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அந்தத் தாள் செல்லாது. ராஜஸ்தானில் இப்படித்தான் ஓர் ஆசிரியர் மாணவியின் தந்தையோடு சமரசம் செய்துகொண்டார். உயர் நீதிமன்றமும் அதை ஏற்று வழக்கை ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டு வழக்குக்கு உயிர் கொடுத்தது. பெற்ற தகப்பனுக்கே இல்லாத அதிகாரம் தாளாளருக்கு எங்கிருந்து வந்தது?

பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அப்படியொரு குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைச் சொல்லாமல் விட்ட நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. ‘முதலில் நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம்’ என்பதற்கு அதில் இடமே இல்லை. 2021இல் கோவைப் பள்ளி ஒன்றின் வழக்கில் ஆசிரியரோடு முதல்வரும் கைதானது உங்களுக்குத் தெரியாததல்ல. நல்லெண்ணத்தில் தகவல் தருபவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே பயம் என்பது சாக்கு.

அடுத்து, ‘பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?’ என்ற கரிசனம். பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம். செய்தியில் பள்ளியின் பெயர் வராமல் போவதும் அவளுக்காகத்தான், உங்களுக்காக அல்ல. ‘வழக்கெல்லாம் நிற்காது’ என்று பெற்றோரிடம் சொல்லும்போது, பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் மறைத்தாலும் அவளுக்கு வழி உண்டு. ராசிபுரத்தில் நடந்ததைத் தாராபுரம் காவல் நிலையத்தில் சொல்லலாம். எங்கள் எல்லை இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. பதிய மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம், அதன்பின் நடுவர் நீதிமன்றம் போகலாம். குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடையில்லாமல் வீட்டுக்கே வந்து பதிய வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. தீர்ப்புக்குக் காத்திராமல் இடைக்கால இழப்பீடும் கேட்கலாம்.

விடுதியில் படித்தபோது நடந்ததை, இன்று இடுப்பில் குழந்தையோடு வந்து ‘இனிமேல் கேட்க முடியுமா?’ என்பவர்கள் உண்டு. முடியும். மூன்றாண்டுக்கு மேல் சிறைத் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பு இல்லை. உங்கள் பழைய சேர்க்கைப் பதிவேடும் விடுதி வருகைப் பதிவேடும் அப்போது சாட்சி பேசும். கரையான் அரித்துவிட்டது என்ற கதை வேண்டாம். சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம்.

ஆலை முதலாளிகளுக்கு: பதினெட்டு நிரம்பிய பெண் தொழிலாளிக்கும் பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். சில ஆலைகளில் குழுவின் தலைவி யார் என்பது அந்தத் தலைவிக்கே தெரியாது. ஆலை வேனில் நடந்ததும் பணியிடத்தில் நடந்ததாகவே கொள்ளப்படும். குழுவிடம் மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். குற்றம் சாட்டப்படுபவர் முதலாளியே என்றால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குழுவிடம் போனவர் காவல் நிலையத்துக்கும் போகலாம். மேற்பார்வையாளர்கள் இதை மாற்றிச் சொல்வதை நிறுத்துங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். கையிலுள்ள அப்படிப்பட்ட தாள்களைக் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். 1098 (குழந்தைகள் உதவி), 181 (பெண்கள் உதவி), 15100 (இலவசச் சட்ட உதவி) ஆகிய எண்களை உங்கள் அறையில் அல்ல, பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் எழுதிப் போடுங்கள். ஜூனில் பெட்டியும் வாளியுமாக அவர்கள் வந்து இறங்குவதற்குள் இரண்டும் முடிந்திருக்க வேண்டும்.