‘இனி பயமே இல்லை’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில், "சிறுநீரகம் மாற்றி ஐந்து வருடம் தாண்டிவிட்டால் பயமே இல்லை, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதும்" என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

என் கணவருக்கு 2011-இல் நான்தான் சிறுநீரகம் கொடுத்தேன். ஒன்பது வருடம் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்த அளவு) ஏறவில்லை, ஒரு வேளை மாத்திரை தவறவில்லை. அப்புறம் ஒருநாள் காய்கறி வாங்கப் போனவருக்கு வீடு திரும்ப வழி தெரியவில்லை. மன அழுத்தம் என்று ஒரு மாதம் அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். வலது கை தளர்ந்த பிறகுதான் எம்ஆர்ஐ. மூளையில் லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. வைத்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ், மைகோபினோலேட் கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்குகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் அப்போது தலைதூக்கி, ரத்தத்தின் வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி செல்களைக் கண்டபடி பெருக வைக்கும். அப்படித்தான் இந்த லிம்போமா வருகிறது. மூளையில் மட்டும் வருவது அபூர்வம்தான். ஆனால் பல வருடம் கழித்தும் வரும், மாத்திரையை ஒழுங்காகப் போட்டவருக்கும் வரும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைக் குறைத்தால் இத்தகைய கட்டிகள் சிலருக்குச் சுருங்குகின்றன என்று அமெரிக்காவின் உறுப்பு மாற்று அறுவை நிபுணர் ஸ்டார்ஸ்ல் குழு 1984-லேயே எழுதிவிட்டது.

எங்களுக்கு நடந்தது வேறு. கட்டியில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு முன்பே வீக்கம் வடிய ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கட்டி சுருங்கி, எடுத்த சதையில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. மூன்று வாரம் வீணானது. பிறகு, புற்றுக்கான மெத்தோட்ரெக்ஸேட் மருந்து கொடுத்தால் சிறுநீரகம் போகலாம், என்ன சொல்கிறீர்கள் என்று என்னிடமே கேட்டார்கள். நான் கொடுத்த சிறுநீரகம் அது. கொடுங்கள் என்றேன். பதினான்கு மாதம் இருந்தார்.

இரண்டு வருடம் முன்பு உறுப்பு தான நாளுக்கு நீங்கள் ‘மறுபிறவி’ என்று நான்கு பக்கம் போட்டபோதும் இதை எழுதி அனுப்பினேன். ஒரு வரி பதில் வரவில்லை. இந்த முறை அதே மருத்துவப் பக்கத்தின் அடியில் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் லேகிய விளம்பரம். உறுப்பு மாற்றியவர் அதை வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லையா?

உறுப்பு தானம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னொரு சிறுநீரகம் கொடுக்க முடிந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பேன். அந்த ஒன்பது வருடத்தில்தான் மகள் கல்யாணத்தை அவர் பார்த்தார்.

அடுத்த இதழில் நான்கு வரி போடுங்கள். உறுப்பு மாற்றியவருக்கு எத்தனை வருடம் கழித்தானாலும் மறதி, குழப்பம், வலிப்பு, கை கால் தளர்ச்சி வந்தால் உடனே உறுப்பு மாற்று அறுவை செய்த டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். பயந்துபோய் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி