வெள்ளத்தின் உயரத்தைத் தெருச்சுவரில் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருமழை பெய்யும்போதெல்லாம் ‘பொதுமக்கள் பதற்றமடைய வேண்டாம்’ என்ற அறிவிப்பு தவறாமல் வந்துவிடுகிறது. பதறாமல் இருப்பதற்கு மக்கள் கையில் என்ன கொடுத்திருக்கிறோம் என்பதே என் கேள்வி.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைமீறி, திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே வெள்ளம் புகுந்தபோது, பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் ஒருசேரப் போயின. தண்ணீர் இன்னும் எவ்வளவு ஏறும் என்று தெரியாததுதான் மக்களைப் பெரிதும் வாட்டியது. பாபநாசம் அணையிலிருந்து இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படுகிறது என்ற செய்தி பொறியாளருக்குப் போதும். ஆற்றங்கரையிலுள்ள சிந்துபூந்துறையில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு, அந்தத் தண்ணீர் தம் வாசற்படியைத் தொடுமா என்பதை அச்செய்தி சொல்வதில்லை. அதனால்தான் நம் ஊர்க்காரர்கள் இன்றும் ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் எதுவரை மூழ்கியிருக்கிறது என்று விசாரித்தே வெள்ளத்தைக் கணிக்கிறார்கள். இது மிகச் சரியான வழக்கம் என்பேன். 2023-இல் நீர் ஏறிய உயரத்தை மாநகராட்சி ஒவ்வொரு தெருமுனையிலும் வண்ணக்கோடாக வரைந்து, அன்று ஆற்றில் சென்ற நீரின் அளவையும் அதனருகில் எழுதிவைத்தால், ‘அணை உடைந்துவிட்டது’ என்ற வகை வதந்திகளுக்குப் பாதி வேலை இராது. கைப்பேசி செயலிழக்கும் நேரத்தில் கோயில், பள்ளிவாசல், தேவாலய ஒலிபெருக்கிகளில் மணிக்கொருமுறை நிலவரம் சொல்லலாம்; புதிதாக ஏதும் இல்லையென்றால், மாற்றமில்லை என்பதையே சொல்லட்டும்.

நீர் வடிந்த பிறகு மனத்தை நிலைப்படுத்துவது பெரும்பாலும் கைவேலைதான். அதே வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் விரைவு ரயிலின் பயணிகளுக்குப் புதுக்குடி மக்கள், தாமும் மழையில் சிக்கியிருந்த நிலையிலேயே, சமைத்துப் பரிமாறியதை நாம் அறிவோம். பாதிக்கப்பட்டவர்களுக்கு வெறும் பொட்டலம் நீட்டுவதோடு நில்லாமல், சேறு அள்ளுவதிலும் சமையலிலும் விரும்புவோரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கேமராவோடு வந்து ‘அன்று என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று ஒருவரையே திரும்பத் திரும்பக் கேட்பதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும். சொல்ல விரும்புகிறவர் தாமாகவே சொல்வார். மழைச்சத்தம் கேட்டாலே உறக்கம் கெடுவது பலருக்குச் சில வாரங்களில் தணிந்துவிடும். தணியாதவர்களுக்காக 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது. ரேஷன் கடை அறிவிப்புப் பலகைகளில், பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்குக் கீழே அதையும் எழுதிவைக்க மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.