அந்த பர்க் வேறு, இந்த பர்க் வேறு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில், 'பர்க்' (burke) என்ற ஆங்கில வினைச்சொல்லுக்கு 'தவிர்த்தல்' என்று பொருள் போட்டு, அது அயர்லாந்துக்காரரான பிரிட்டிஷ் எம்.பி. எட்மண்ட் பர்க்கின் பெயரிலிருந்து வந்தது என்று எழுதியிருந்தீர்கள். பாவம் அந்த மனிதர்! ஆற்காட்டு நவாபின் கடன் விவகாரத்தை 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போட்டு உடைத்தவர். மணிக்கணக்கில் பேசியவரின் பெயரையா, பேச்சை ஒழித்துக்கட்டும் சொல்லுக்கு வைப்பது?

சொல்லுக்குரியவர் வில்லியம் பர்க். இவரும் அயர்லாந்துக்காரர்தான், ஒற்றுமை அதோடு சரி. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஹேர் என்பவரின் விடுதியில் குடியிருந்தார். 1827 கடைசியில் அங்கே ஒரு கிழவர் 4 பவுண்டு வாடகை பாக்கியோடு செத்துப்போனார். இருவரும் சவப்பெட்டியில் மரப்பட்டையை நிரப்பிவிட்டு, பிணத்தை, பிணங்களை அறுத்து உடற்கூறு கற்பித்த டாக்டர் ராபர்ட் நாக்ஸிடம் 7 பவுண்டு 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். அப்புறம் ருசி கண்ட பூனைதான். 1828 முடிவதற்குள் 16 கொலைகள். சாராயத்தை ஊற்றிக்கொடுத்து, ஒருவர் நெஞ்சின் மேல் ஏறிக்கொள்ள, மற்றவர் மூக்கையும் வாயையும் பொத்துவார். உடம்பில் காயமே இருக்காது, பிணத்துக்கு நல்ல விலை.

ஹேர் அப்ரூவராகித் தப்பினார். 1829 ஜனவரி 28இல் பர்க்கைத் தூக்கில் போட்டபோது, "கயிறு எதற்கு, அவனை பர்க் பண்ணு" என்று கூட்டம் கத்தியதாம். அவர் உடலையும் அறுத்துப் பாடம் நடத்தினார்கள். எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

மூச்சை நிறுத்துவது என்ற பொருள், போகப்போக விசாரணையையும் புகாரையும் சத்தமில்லாமல் ஒழிப்பது என்றாகிவிட்டது. நீங்கள் போட்ட 'தவிர்த்தல்' இதற்குப் போதாது. 'அமுக்குதல்' என்று திருத்திவிடுங்கள். கேஸை அமுக்கிட்டாங்க என்கிறோம். தூக்கத்தில் நெஞ்சில் ஏறி உட்காருவதையும் அமுக்குவான் பேய் என்றுதானே சொல்கிறோம்?

நான் இந்தச் சொல்லை முதலில் பார்த்தது ஒரு மனுவின் ஓரத்தில். கிளார்க்காகச் சேர்ந்த புதிது. ஒரு அம்மாவின் பட்டா மனு, கட்டின நாடா கட்டினபடி, பீரோவின் அடித்தட்டில் பழைய லெட்ஜர்களுக்குக் கீழே கிடந்தது. தணிக்கைக்கு வந்த அதிகாரி, மனு 'பர்க்' செய்யப்பட்டிருக்கிறது என்று சிவப்பு மையில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போனார். ஹெட்கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "பர்க்குன்னு யாரும் மனு குடுக்கலையேப்பா" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று அன்று சாயங்காலமே பட்டாவுக்கான குறிப்பை எழுதச் சொல்லிவிட்டார்.

- ஓய்வுபெற்ற எழுத்தர், கும்பகோணம்