பொன்னாடையையாவது நம்மட தறியில எடுங்க

கைத்தொழில், தொழில்முயற்சியாண்மை அபிவிருத்தி அமைச்சில முடிவெடுக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் எங்கட ஸ்கூல்ல ஒரு விழா, பெரிய ஆள் ஒருத்தர் வாறார் எண்டு பொன்னாடை வாங்கிற வேலைய என்ட தலையில கட்டிட்டாங்க. வெள்ளவத்தையில பஸ் ஏறி புறக்கோட்டைக்குப் போய் ஒரு கடையில "தம்பி, கைத்தறியில சால்வை மாதிரி ஏதும் இருக்கா" எண்டு கேட்டன். அவர் சிரிச்சுப்போட்டு "மிஸ், பொன்னாடைக்கு ஆர் கைத்தறி கேக்கிறது, போட்டோவில மின்னினா காணும்தானே" எண்டார். கடைசியில 650 ரூபாவுக்கு ஒரு பொலியெஸ்டர் பொன்னாடை. அந்த ஐயாவும் அத மடிச்சு காருக்குள்ள போட்டிருப்பார், வீட்டில ஏற்கெனவே ஒரு அலுமாரி நிறைய கிடக்கும்.

நான் கிழக்கில, கல்முனைப் பக்கம், பாண்டிருப்பில பிறந்தவ. பக்கத்து ஊர் கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை, நடுவில ஒரு ரோட்டுத்தான். அம்மாவும் ரீச்சர், ஸ்கூலுக்குக் கட்டின சாரி முக்காவாசி மருதமுனைச் சாரி, தறியடியிலயே போய் நிண்டு கலர் சொல்லி எடுக்கிறது. நான் கொழும்புக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல, ஆனா லீவுக்கு ஊருக்குப் போனா சாரி எடுக்க அதே நெசவாளி வீட்டுக்குத்தான் போறன். நெய்யிற அந்த நானாவுக்கு இப்ப அறுபத்தஞ்சு தாண்டிட்டுது. தறி இருக்கிறது விறாந்தையில, உள்ளுக்க டீவி பாக்கிற பேரப்பிள்ளைகள் தறிச்சத்தத்துக்கு மேல சவுண்ட கூட்டி வச்சிருக்கும், அவர் ஒண்டும் சொல்லமாட்டார். போன ஏப்ரல்ல போனப்ப பாவில, அதான் தறியில நீளவாக்கில இழுத்துக் கட்டியிருக்கிற நூலில, ஒரு இழை அறுந்திட்டுது, தறிய நிப்பாட்டி, கண்ணாடிய நெத்திக்கு ஏத்தி, அறுந்த முனைய ரெண்டு விரலால உருட்டி முடிச்சுப் போட்டு, சீப்பு மாதிரி இருக்கிற அச்சுக்குள்ளால இழுத்து எடுத்தார். ஒரு நிமிஷம்கூட இல்ல. "இது எத்தினை தரம் நானா ஒரு சாரிக்கு" எண்டு கேட்டன். "நூலப் பொறுத்தது மகள், இப்ப வாற நூல் மனிசர மாதிரி, கொஞ்சம் இழுத்தா அறும்" எண்டார். அந்தச் சாரிக்கு அவருக்கு ரெண்டு நாள் போகுது, பாவு போடுறதும் அவர்ட மனிசி ராத்தா இருந்து நூல் சுத்துறதும் தனி.

ஒண்டும் செய்யல்ல எண்டு உங்கள நான் குறை சொல்ல வரல்ல. 2020ல பத்திக், கைத்தறி எண்டு பேர் போட்டே ஒரு ராஜாங்க அமைச்சு வந்தது. பயிற்சி குடுக்கிறீங்க, கண்காட்சி வைக்கிறீங்க, தறியும் குடுக்கிறீங்க. 2004 சுனாமியில நானாவின்ட ரெண்டு தறியும் போனது, பிறகு உதவி எண்டு ஒரு தறி வந்து இறங்கினது, ஆனா அதுக்கு அச்சும் இல்ல, பாவு நூலக் கோக்கிற விழுதும் இல்ல, வெறும் மரச்சட்டம். கொஞ்ச நாள் ராத்தா அதில உடுப்புக் காயப்போட்டா. கண்காட்சிக்கும் ஒருக்கா கொழும்புக்கு வந்தவர், இரவு பஸ்ஸில சாக்கு மூட்டையோட. மூண்டு நாளில வித்தது பதினொரு சாரி, அதில ரெண்டு எனக்கு. பெரியாக்கள் வந்து போட்டோ எடுத்தாங்களாம், ஒருத்தரும் வாங்கல்லயாம். சாப்பாடும் பஸ் காசும் கழிச்சா என்ன மிஞ்சும் எண்டு நீங்களே கணக்குப் பாருங்க.

நான் கேக்கிறது ஒண்டுதான். ஓடர் குடுங்க. இந்த நாட்டில அரசாங்கத்தவிடப் பெரிய துணி வாடிக்கையாளர் ஆர்? ஆஸ்பத்திரி பெட்சீட், விடுதிக்குத் துவாய், ஒஃபிஸ் ஜன்னலுக்குக் கேட்டின், விழாவுக்குப் பொன்னாடை, எல்லாம் டெண்டர் போட்டு எங்கயோ இருந்து வருது, ஆகக் குறைஞ்ச விலைக்காரன் வெல்லுறான், அங்க கைத்தறி ஒருநாளும் வெல்லாது. அதில ஒரு சின்னப் பங்க நிரந்தரமா கைத்தறிக்கு எண்டு ஒதுக்கினா போதும், நானாவுக்கு கண்காட்சியே தேவையில்ல. ஸ்கூல் யூனிஃபோம் துணிய நான் கேக்கல்ல, அது கைத்தறியால ஏலாது, 1993ல இருந்து இலவசமா குடுக்கிற துணி, 2025க்கு தேவையான முழுத் துணியையும் சீனா நன்கொடையா தந்தது, ஒரு கோடி மீற்றருக்கு மேல. அது வேற கதை. ஆனா பொன்னாடையுமா?

சாரியும் அப்பிடித்தான். 2022 கடைசியில, சாரி விக்கிற விலைக்கு சில ரீச்சர்மார் வேற உடுப்பில வந்தாங்க எண்டு நாடே ரெண்டுபட்டது, கல்வி அமைச்சு சாரிதான் எண்டு நிண்டது. சரி, கட்டுறம். கட்டச் சொல்லுற அரசாங்கம் வருஷத்துக்கு ஒரு கைத்தறிச் சாரிக்கு ஒரு கூப்பன் தந்தா என்ன குறைஞ்சு போகும்.

ஆனா ஓடர் குடுக்க முதல் நூல் எப்பிடி வருது எண்டு ஒருக்கா பாருங்க, இல்லாட்டி உங்கட காசு தறிக்குப் போகாது. நூல் முக்காவாசி இந்தியாவில இருந்துதான், 2022ல டொலர் 200 ரூபாவில இருந்து 360 தாண்டினப்ப நூல் விலையும் சாய விலையும் ஏறின ஏத்தத்தில ஊரில எத்தினையோ தறி நிண்டது. கையில காசில்லாத நெசவாளி முதலாளியிட்ட நூல கடனுக்கு எடுப்பார், நெய்ததத் திருப்பி அவருக்கே, அவர் சொல்லுற விலைக்கு. இந்த நிலையில நீங்க ஓடர் குடுத்தா ஓடர எடுக்கிறது முதலாளி, கூலி பழைய கூலிதான். அதால ஓடரோட நூலையும் முன்கூட்டியே குடுங்க, துணி வந்த மாசமே காசக் குடுங்க. ஒரு அரச நிறுவனத்துக்குக் குடுத்த துணிக்கு நானாவுக்குக் காசு வர அஞ்சு மாசம், நூல்கடைக்காரன் அஞ்சு நாள் பொறுக்கமாட்டான்.

பக்கத்து நாட்டில இதெல்லாம் நடக்கிறதுதான். தமிழ்நாட்டில நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் 1935ல தொடங்கினது, பொங்கலுக்கு ஏழைகளுக்கு வேட்டி சேலை குடுக்கிற திட்டம் 1983ல இருந்து ஓடுது, நெசவாளிக்கு நூலில 15% மானியத்த மத்திய அரசு குடுக்குது, கைத்தறிக்கெண்டே ஒரு முத்திரை 2006ல இருந்து இருக்கு. அங்க எல்லாம் பாலும் தேனும் எண்டு சொல்லல்ல, அந்த வேட்டி சேலைக்குள்ளயே பவர்லூம், அதான் மெசின் தறி, புகுந்து கனகாலம். அதப் பாத்தெண்டாலும் நீங்க முதல்லயே கதவப் பூட்டலாம். இங்க பவர்லூம் சாரிய "ஹேண்ட்லூம் மிஸ்" எண்டு என்னட்டயே விக்கப் பாக்கிறாங்க, நான் தறியடியில வளர்ந்தவ, கரையத் தடவினாலே விளங்கும், மற்றாக்களுக்கு? சிலோன் கறுவாவுக்கு 2022ல ஐரோப்பிய ஒன்றியத்தின்ட புவிசார் குறியீடு, அதான் இந்த இடத்துச் சரக்கு எண்டு காட்டுற முத்திரை, எடுத்துக் குடுத்த நாடு இது. மருதமுனைச் சாரிக்கும் ஒரு முத்திரை குத்த ஏலாதா?

கேட்டா அது மாகாண விசயம் எண்டுவீங்க, தெரியும். கிழக்கு மாகாண சபை கலைஞ்சது 2017ல, அதுக்குப் பிறகு தேர்தலே வைக்கல்ல, அப்ப ஆரிட்டப் போய்க் கேக்கிறது? 2025 ஏப்ரல்ல அமெரிக்கா 44% வரி எண்டு சொன்னதும் கார்மெண்ட்ஸுக்காக வாஷிங்டனுக்கு ஆள் அனுப்பினீங்க, கதைச்சுக் கதைச்சு 20க்குக் கொண்டு வந்தீங்க. நல்ல விசயம், அதில எத்தினை பிள்ளைகள் வேலை செய்யுது. ஆனா மருதமுனைக்குப் போக விசாவும் தேவையில்ல, ஒரு இரவு பஸ்தான்.

நானாவின்ட மகன் கட்டாருக்குப் போயிட்டார், ஊரில தறியில இருக்க அவருக்கு விருப்பம் இல்லாமலில்ல, ஆனா "மாசம் எவ்வளவு வரும் எண்டு சொல்ல ஏலாத வேலைய எப்பிடி அக்கா செய்யிற" எண்டு என்னட்டக் கேட்டவர். நான் ஒண்டும் சொல்லல்ல.

வாற கிழமை நானா புதுப் பாவு போடுறாராம். ஸ்கூலுக்கு பத்துப் பொன்னாடை நெய்து தருவீங்களா எண்டு கேட்டிருக்கிறன், பிரின்சிபல் இன்னும் ஓம் எண்டு சொல்லல்ல, ஒண்டு 1,400 ரூபா வருது எண்டு யோசிக்கிறா. உங்கட அமைச்சுக்கும் தேவையெண்டா சொல்லுங்க, அதே பாவிலயே போடலாம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையில இருந்து, பாண்டிருப்பு ரீச்சர் ஒருத்தி