பூட்டிய நிலைபொருள் பள்ளிக்கு வேண்டாம்

ஐயா,

மலைப்பகுதிப் பள்ளிகளுக்குக் குறைந்த விலைக் கணினிப் பலகைகள் வழங்குவது பற்றிய செய்தி மகிழ்ச்சி தந்தது. ஆனால் விலையை மட்டும் பார்த்தால் போதாது. 2012-இல் 35 டாலருக்கு வந்த ‘ராஸ்பெரி பை’ என்ற சிறு கணினிப் பலகையில், மூல நிரலை எவரும் படிக்கக்கூடிய லினக்ஸ் இயங்குதளம் ஓடினாலும், மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது திரைக்காட்சிக்கான வரைகலைச் செயலிதான். அதை இயக்கும் நிலைபொருளின் (firmware - கருவியைத் தொடக்கி இயக்கும் அடிப்படை மென்பொருள்) மூல நிரல் மூடியே இருக்கிறது.

கோத்தகிரியில் மாணவர்களுக்குக் கணினி கற்பிக்கிறேன். மழைக்கால மின்வெட்டில் நினைவக அட்டை கெட்டுப்போன ஒரு பலகையில் பச்சை விளக்கு நான்கு முறை சிமிட்டியது. “ஏன் சார் நாலு?” என்றாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. நிலைபொருள் கோப்பைக் காணவில்லை என்று சொல்ல முடிந்தது. அதற்குள் இருப்பதைத் திறந்துகாட்ட முடியவில்லை. கற்பதற்கென்றே வாங்கும் கருவி இது! நிலைபொருளின் மூல நிரல் வெளியிடப்பட்ட பலகைகளுக்கே முன்னுரிமை என்ற நிபந்தனையை ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்க வேண்டும்.

- கணினிப் பயிற்றுநர், கோத்தகிரி