கெடாவிலிருந்து வந்த கெடாக்கள்

சுங்கை சிப்புட்
ஞாயிறு, மதியம்

மச்சான்,

நலம்தானே? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். நாலு மாதமாக எழுதாததற்குத் திட்டு பாக்கி இருக்கிறது, தெரியும். அதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்.

கெடா மாநிலத்திலிருந்து கெடா வாங்கினாய் என்று கிராணி சொன்னபோது, மனுஷன் பழைய ஜோக்கையே ஓட்டுகிறார் என்று நினைத்தேன். படம் வந்த பிறகுதான் நம்பினேன். பதினாறு பெட்டை ஆடு, நாலு கெடா! அது வரைக்கும் சந்தோஷம். படத்துக்குக் கீழே நீ ஒட்டிய தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதிக்கு "ஆங், ஆங்" என்றுதான் சொல்வாய்.

அந்த அட்டவணை தமிழ்நாட்டுக் காணொளியிலிருந்து எடுத்தது. அந்த ஊருக்கு அது சரி. ஆட்டுக்கொல்லி நோயும் ஆட்டம்மையும் அங்கே சுற்றுகின்றன, அதனால் போடுகிறார்கள். நீ இருப்பது மலேசியாவில், பகாவில். இங்கே வெட்டினரி ஆபீஸ் சொல்லாத ஊசியைத் தேடி அலையாதே. கோமாரி மட்டும் இரண்டு ஊருக்கும் பொது. சபா, சரவாக்கில் அது இல்லை, தீபகற்பத்தில் இருக்கிறது. அந்த ஊசி கடையில் வாங்குகிற சாமான் இல்லை, ஆபீஸில் பதிந்து போட்டுக்கொள்வது. மாநிலம் தாண்டி ஆடு ஏற்றியிருக்கிறாய், பெர்மிட் எடுத்தாயா? எடுத்திருந்தால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாளைக்கே போ. எடுக்கவில்லை என்றால் எனக்குச் சொல்லாதே.

"வந்த அன்றைக்கே எல்லா ஊசியும் போட்டுவிடலாமா" என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். ராத்திரி முழுக்க லோரியில் நின்று வந்த ஆட்டுக்கு நெஞ்சுச் சளி எந்நேரமும் நிமோனியாவாக மாறலாம். அந்த நிலையில் போடுகிற ஊசி சரியாகப் பிடிக்காது. இரண்டு வாரம் விடு. மூக்கு ஒழுகாமல், காய்ச்சல் இல்லாமல், அசை போட்டுக்கொண்டு நிற்கிற ஆட்டுக்குத்தான் ஊசி. பழைய ஆடுகளோடு ஒரு மாதம் சேர்க்காதே. வாளி, தொட்டி எல்லாம் தனி. பழைய கொட்டாயில் வேலை முடித்த பிறகுதான் புதிய கொட்டாய்க்குள் கால் வைக்க வேண்டும்.

நீ கட்டாயம் போட வேண்டியது துள்ளுமாரிக்கும் ரண ஜன்னிக்கும் (டெட்டனஸ்) சேர்ந்து வருகிற ஊசி. உன் ஊரில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரி. செம்பனைப் புண்ணாக்கை ஒரே நாளில் கூட்டி வைத்தால், ராத்திரி நன்றாக இருந்த கொழுத்த குட்டி காலையில் காலை விறைத்துக்கொண்டு கிடக்குமே, அதுதான் துள்ளுமாரி. ஊசி 2 மில்லி, பெரியதோ சின்னதோ ஒரே அளவு, தோலைக் கூடாரம் மாதிரி தூக்கிப் பிடித்து அதற்கு அடியில். போத்தலில் வேறு அளவு இருந்தால் போத்தல் சொல்வதைக் கேள். நாலு வாரம் கழித்து இரண்டாவது ஊசி. அது இல்லாவிட்டால் முதல் ஊசிக்குக் கொடுத்த வெள்ளி வீண். போத்தலில் வருஷத்துக்கு ஒரு தடவை என்று இருக்கும், அது செம்மறிக்கு எழுதியது. வெள்ளாட்டுக்கு எதிர்ப்பு சீக்கிரம் இறங்கிவிடும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைத்துக்கொள். சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு நாலு வாரம் முன்னால் போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போய்விடும். குட்டி விழுந்து ஆறு மணி நேரத்துக்குள் அந்தச் சீம்பால் வயிற்றுக்குள் போக வேண்டும். இரண்டரைக் கிலோ குட்டிக்கு முதல் நாளில் மொத்தம் கால் லிட்டர்.

ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிரிட்ஜ் கதவில் வைக்காதே, உன் வீட்டில் அது நிமிஷத்துக்கு ஒரு தடவை திறக்கும். ஐஸ் பெட்டியில் கொண்டுபோகும்போது போத்தலைத் துணியில் சுற்று. உறைந்த மருந்தைக் கரைத்துப் போட்டால் தண்ணீர் போட்ட மாதிரிதான். திறந்த போத்தலை அன்றைக்கே முடி. இருபது ஆட்டுக்கு ஐம்பது ஆட்டு போத்தல் வாங்கினால் மிச்சம் குப்பைக்குத்தான், பக்கத்துக் கம்போங்கில் ஆடு வைத்திருப்பவரோடு பேசி ஒரே நாளில் போடுங்கள். மழையில் நனைந்த ஆட்டுக்குக் குத்தினால் ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டும்.

இவ்வளவும் சொன்னேனே, உன் ஆட்டைக் கொல்லப்போவது இதில் எதுவும் இல்லை. நம் மழைக்கும் நம் புல்லுக்கும் எமன் வயிற்றுப்புழுதான். அதற்கு ஆஸ்திரேலியாவில் 2014-இல் ஒரு தடுப்பூசி விற்பனைக்கு வந்தது, அதுவும் செம்மறிக்கு, ஆறு வாரத்துக்கு ஒரு தடவை குத்த வேண்டும். உனக்கு அதெல்லாம் வேண்டாம், கண் போதும்.

நாலாவது வயிற்றில் தொங்கிக்கொண்டு ரத்தம் குடிக்கிற புழு இது. ஒன்று ஒரு நாளைக்கு 0.05 மில்லி குடிக்கும், ஆயிரம் இருந்தால் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்த ரத்தமே ஒன்றே முக்கால் லிட்டர்தான். கணக்கில் நீதான் புலி, போட்டுப் பார். "கழிச்சல் இல்லையே, புழு எப்படி இருக்கும்" என்று கேட்பாய், எல்லோரும் அப்படித்தான் ஏமாறுகிறார்கள். இந்தப் புழுவுக்கு அநேகமாகக் கழியாது. புழுக்கை உருண்டையாகவே விழும், ஆடு வெளுத்துக்கொண்டே போகும். தாடைக்குக் கீழே நீர் கோர்த்துப் பை மாதிரி தொங்கினால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம்.

அதனால் வெயில் வெளிச்சத்தில் நிறுத்தி, மேல் இமையை மெல்ல அழுத்தி, கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார். கண் நிறத்தை ஒப்பிடுகிற ஃபமாச்சா அட்டை கிடைத்தால் பக்கத்தில் வைத்துப் பார். நல்ல சிவப்பு ஒன்று, வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தால் ஐந்து. மூன்று, நாலு, ஐந்துக்கு மருந்து. ஒன்றுக்கும் இரண்டுக்கும் கொடுக்காதே. எல்லாவற்றுக்கும் மாதா மாதம் ஊற்றி ஊற்றித்தான் இங்கே பாதி மருந்து புழுவுக்குப் பழகிப்போனது. அந்தப் பழகிய புழுவையும் சேர்த்துத்தான் கெடாவிலிருந்து லோரி ஏற்றியிருப்பாய். அதனால் புதிய இருபதுக்கு மட்டும் இந்த விதி வேண்டாம். வெட்டினரியிடம் கேட்டு, இரண்டு வெவ்வேறு வகை மருந்தை ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் கொடுத்து, இரண்டு நாள் பரணிலேயே வை. மருந்து கொடுக்கும் நாளும் பதினாலாம் நாளும் புழுக்கையைப் புழு முட்டை எண்ணக் கொடு. முட்டை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறையவில்லை என்றால் அந்த மருந்துகளை மறந்துவிடு.

அளவில்தான் நீ தப்பு செய்வாய், எனக்குத் தெரியும். அல்பெண்டசோல் என்கிற புழு மருந்து 2.5 சதவீதத்திலும் வருகிறது, 10 சதவீதத்திலும் வருகிறது, போத்தல் பார்க்க ஒரே மாதிரி. வெள்ளாட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வைத்தால் 25 கிலோ ஆட்டுக்கு முதலாவதில் 10 மில்லி, இரண்டாவதில் இரண்டரை. மாற்றி ஊற்றினால் நாலு மடங்கு கூடும், அல்லது கால் பங்குதான் போகும். கால் பங்கு போனால் புழுவுக்குப் பயிற்சி கொடுத்த மாதிரி. பெட்டை சினையாகி முதல் மாதத்தில் அல்பெண்டசோல் ஆகவே ஆகாது. லெவமிசோல் என்கிற இன்னொரு புழு மருந்தைக் கண்டபடி கூட்டாதே, அது ஆட்டையே சாய்த்துவிடும். மருந்தை நாக்கின் பின்பக்கம் வைத்து ஊற்று, முன்வாயில் ஊற்றினால் பாதி முதல் வயிற்றில் தங்காமல் நேரே நாலாவது வயிற்றுக்குப் போய், சரியாக வேலை செய்யாமல் இறங்கிவிடும். ஆடிப் பூசைக்கு முனியாண்டிக்கு என்று ஒதுக்கிய கெடாவுக்கு வெட்டும் நாளைக் கணக்குப் பண்ணிவிட்டுக் கொடு. சாப்பிடப்போவது நாம்.

புல் விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். பனி காய்ந்த பிறகு அவிழ்த்து விடு, நேப்பியர் புல்லை அடியோடு வெட்டாதே, புழு தரையை ஒட்டித்தான் இருக்கும். செம்பனைக் காட்டில் மருந்தடித்த பக்கம் எதையும் அறுக்காதே.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல். பேரனுக்கு ஆட்டுப்பால் நல்லது என்று தங்கச்சி கொடுக்க நினைத்தால், காய்ச்சிக் கொடுக்கச் சொல். 2011-இல் பினாங்கில் காய்ச்சாத ஆட்டுப்பால் குடித்தவர்களுக்குப் புருசெல்லா காய்ச்சல் வந்தது, 79 பேர். ஆட்டைப் பார்த்தால் நோய் இருப்பதே தெரியாது. வெட்டினரி வரும்போது இருபதுக்கும் ரத்தம் எடுக்கச் சொல். ஏதாவது கருவைத் தள்ளினால் வெறுங்கையால் தொடாதே, நஞ்சுக்கொடியை நாய்க்குப் போடாதே, குழி வெட்டிப் புதை. ஊரில் எல்லோரும் கையால் இழுக்கிறார்கள் என்று சொல்லாதே.

அப்புறம், எடை தெரியாமல் மேலே சொன்ன எந்த அளவும் உனக்கு உதவாது. "பார்த்தாலே இருபது கிலோ" என்று நீ சொல்கிற ஆடு இருபத்தெட்டு இருக்கும். என்னிடம் வாங்கிப்போன தொங்கு தராசு உன் ஸ்டோரில், மீன் வலைக்குக் கீழே இருக்கிறது, நான்தான் பார்த்தேனே. எடுத்துத் துருவைத் தட்டி, இருபதையும் தூக்கிப் பார்த்து, எடையையும் கண் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அனுப்பு. தராசை அதற்கப்புறம் திருப்பிக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
உன் குள்ளன்