பழைய எக்ஸ்ரே படம் கொழும்புக்குப் போன கதை

உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள எல்லோருக்கும்,

அப்பாவின் கதிர்ச்சிகிச்சை முடிந்து ஊர் வந்துவிட்டோம். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றியை மடலில் சொல்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

புரொஸ்டேட் சுரப்பியில் வந்த புற்றுநோய்க்குக் 'கரண்ட் பிடிக்க' வேண்டும் என்றதும் அன்றைக்கே தொடங்கும் என்று நினைத்தோம். எம்.ஆர்.ஐ., அதாவது காந்த மெஷினில் எடுக்கும் உடம்பின் உட்படம், எடுத்து வரச் சொன்னார்கள். சிடி ஸ்கேன் எடுத்தாயிற்றே, பிறகேன் என்று நான் முகத்தைச் சுளித்தது உண்மை. கதிரின் அளவைக் கணக்குப் போட சிடி வேண்டும். ஆனால் சுரப்பி எங்கே முடிகிறது, குடல் எங்கே தொடங்குகிறது என்பது அதில் மங்கல். எம்.ஆர்.ஐ.யில் எல்லை துலக்கம். இரண்டு படத்தையும் பொருத்தி வரைந்தால் குடலிலும் சலப்பையிலும் கதிர் படுவது குறையும். கணினியில் காட்டி இதை விளங்கப்படுத்திய டொக்டருக்கு நன்றி.

சிக்கல் அப்பாவின் கெண்டைக்காலில் இருந்தது. 1990இல் பட்ட ஷெல் துண்டு. அவர் மறந்தே போனார். உடம்பில் இரும்பு உண்டா என்று கேட்டபோது அம்மாதான் சொன்னார். எம்.ஆர்.ஐ. மெஷினின் காந்தம் இழுத்துத் துண்டு அசைந்தால் ஆபத்து. முதலில் போன இடத்தில் மேற்கொண்டு எதுவும் விசாரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த இடத்தில் ரேடியோகிராபர் தம்பி, "பழைய எக்ஸ்ரே இருக்கா ஐயா?" என்றார். இருந்தது, வீட்டு அலுமாரிக்கு மேலே. நாங்களோ கொழும்பில், வெள்ளவத்தையில்.

அன்றிரவு பக்கத்து வீட்டு அக்கா டோர்ச் அடித்துத் தேடி எடுத்தார். ஓட்டோக்காரத் தம்பி அதைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினார். விடியக் கையில் தந்த கண்டக்டர் ஐயா காசு வாங்கவில்லை. பெயரும் கேட்க மறந்துவிட்டேன். புதிய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டார்கள். துண்டு இத்தனை வருஷமும் தசைக்குள் அசையாமல் கிடந்திருக்கிறது. சரி, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார்கள். ஏதும் என்றால் அமத்தச் சொல்லிக் கொடுத்த பந்தை அப்பா ஒருமுறை அமத்தினார். மூக்குக் கடித்ததாம்!

நெதர்லாந்தில் இருக்கும் மச்சாள் சொன்னார், அங்கே ஊட்ரெக்டில் 2017இலேயே எம்.ஆர்.ஐ.யையும் கதிர் மெஷினையும் ஒன்றாக்கிச் சிகிச்சை தொடங்கிவிட்டார்களாம்; கதிர் பாயும்போதே சுரப்பி நகர்வது தெரியுமாம். எங்களுக்குக் கிடைத்தது முந்திய வழி. எம்.ஆர்.ஐ. ஒரே தடவை, அப்புறம் 20 நாளும் தண்ணீர் குடித்து, சலப்பை நிரம்பியபின் அதே மாதிரிப் படுப்பது. அந்த நாலு வாரமும் தங்க அறை தந்த சித்தி, சித்தப்பாவுக்கு நன்றி.

எக்ஸ்ரே படம் திரும்ப அலுமாரிக்கு மேலே இருக்கிறது. வீட்டுத் திறப்பு வழமைபோல அக்காவிடம்.